இஸ்தான்புல்: குவிமாடங்களின் நிழலில் எரிந்த அடுப்புகள்



பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதர்களை அழைக்கிறது. பயணம் செய்வதோடு அந்த அழைப்பு முடிந்துவிடவில்லை. நோக்க வேண்டும், சிந்திக்க வேண்டும், படிப்பினை பெற வேண்டும் என்று அது நீள்கிறது. கண்ணால் காண்பது எல்லோருக்கும் இயலும். கண்டதிலிருந்து கற்றுக்கொள்வது சிலருக்கே வாய்க்கிறது.

இன்று நம் குடும்பங்களில் பலர் உம்ராவுக்குச் செல்லும் வழியிலோ, திரும்பும் வழியிலோ இஸ்தான்புல் நகரைக் காணச் செல்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்து போகும் நகரம் அது. அதன் பழம்பெரும் பகுதிகளை 1985ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சென்று வந்தவர்கள் குவிமாடங்களையும் மினாராக்களையும் பற்றி வியந்து பேசுகிறார்கள், நிழற்படங்களைக் காட்டுகிறார்கள். அந்தக் குவிமாடங்களைச் சுற்றி எத்தனை அடுப்புகள் எரிந்தன, எத்தனை நோயாளிகள் தேறினார்கள், எத்தனை ஏழை மாணவர்கள் படித்தார்கள் என்பதை அந்த நிழற்படங்கள் சொல்வதில்லை. வரலாறு சொல்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வெற்றிக்கு முன்னே வந்த விருந்தாளி

கி.பி. 330இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்நகரைத் தமது தலைநகராக்கினார். அவர் பெயராலேயே அது கான்ஸ்டான்டிநோபிள் என்று அழைக்கப்பட்டது. அரபு வரலாற்று நூல்களில் அதன் பெயர் குஸ்தன்தீனிய்யா. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவ உலகின் பெருநகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

நபித்தோழர்களின் காலத்திலேயே முஸ்லிம்களின் படை இந்நகரின் மதில் வரை வந்தது. அப்படையில் முதுமை எய்திய ஒரு நபித்தோழர் இருந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, பள்ளிவாசல் கட்டி முடிக்கப்படும் வரை தம் இல்லத்தில் அவர்களைத் தங்கவைத்து உபசரிக்கும் பேறு பெற்ற அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களே அவர். அம்முற்றுகையின்போது நோயுற்ற அவர்கள், படை எவ்வளவு தூரம் முன்னேற முடியுமோ அங்கே தம்மை அடக்கம் செய்யுமாறு கேட்டுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர்களின் பெயரால் இன்று அப்பகுதி எய்யூப் என்று வழங்குகிறது. 1458இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. பழுதுற்ற அக்கட்டடத்தின் இடத்தில் 1800ஆம் ஆண்டில் இப்போதுள்ள பள்ளிவாசல் கட்டப்பட்டது.

விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற ஒரு தோழர் அந்த மண்ணில் முதலில் துயில் கொண்டார். பின்னாளில் அந்நகரம் விருந்தோம்பலை ஒரு நிறுவனமாகவே ஆக்கிக் காட்டியது.

1453 மே 29ஆம் நாள், ஐம்பத்து மூன்று நாள் முற்றுகைக்குப் பின், இருபத்தோரு வயதே நிரம்பிய சுல்தான் இரண்டாம் முஹம்மத் இந்நகரை வென்றார். 'ஃபாதிஹ்', அதாவது வெற்றியாளர், என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. வெற்றி பெற்ற நாளில் அக்காலப் போர் வழக்கப்படி நகரில் சூறையாடலும் நடந்தது, அதனை மறைப்பதற்கில்லை. பாழ்பட்டுக் கிடந்த நகரை மீண்டும் மக்கள் வாழும் ஊராக்குவதே சுல்தானின் முன் நின்ற பெரும் பணி. அனத்தோலியாவிலிருந்தும் பால்கனிலிருந்தும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். 1454இல் கிரேக்கத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பில் கெனாடியஸ் அமர்த்தப்பட்டார். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு, அடுத்து வந்த சுல்தான் இரண்டாம் பாயஸீத் தம் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்.

ஆயா சோஃபியா

இஸ்தான்புல் செல்வோர் முதலில் காண விரும்புவது ஆயா சோஃபியாவை. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், 532 முதல் 537 வரை, ஐந்தே ஆண்டுகளில் கட்டப்பட்ட தேவாலயம் இது. ஆந்திமியஸ், இசிதோர் ஆகிய இருவர் இதனை வடிவமைத்தார்கள். 558இல் அதன் குவிமாடம் இடிந்து விழுந்தது. முன்னதினும் உயரமாக அமைக்கப்பட்ட புதிய குவிமாடம் 562இல் நிறைவுற்றது. சுமார் 31 மீட்டர் அகலமுள்ள அக்குவிமாடத்தைத் தாங்கும் முறையே பின்வந்த உதுமானியக் கட்டடக் கலைஞர்களுக்குப் பாடமாகவும் சவாலாகவும் அமைந்தது.

1453இல் அது பள்ளிவாசலாயிற்று. 1934இல் துருக்கிய அரசின் ஆணையால் அருங்காட்சியகமாக்கப்பட்டு, 1935இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 2020 ஜூலை 10ஆம் நாள் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1934ஆம் ஆண்டின் ஆணையை ரத்துச் செய்தது. ஜூலை 24ஆம் நாள் அங்கே ஜும்ஆ தொழுகை நடைபெற்றது. நீதிமன்றத் தீர்ப்பின் அடிப்படையாக அமைந்தது எது தெரியுமா? சுல்தான் முஹம்மத் எழுதிவைத்த வக்ஃபுப் பத்திரம். ஐந்தரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆவணம் நவீன நீதிமன்றத்தில் வாதப் பொருளாயிற்று. அத்தீர்ப்பைக் குறித்து உலகில் இருவேறு கருத்துகள் இருக்கின்றன. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, வக்ஃபு என்ற ஏற்பாட்டின் நீண்ட ஆயுளை.

வக்ஃபுப் பத்திரம் என்பது கட்டடத்தை மட்டும் அர்ப்பணிப்பதன்று. அக்கட்டடம் எந்த வருவாயில் வாழும் என்பதையும் அது வகுத்துவிடுகிறது. இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் எங்கிருந்து வரும்? விளக்கெரிக்க எண்ணெய் எங்கிருந்து வரும்? கூரை பழுதானால் யார் செப்பனிடுவார்? இக்கேள்விகளுக்கு ஃபாதிஹ் தந்த விடை ஒரு கடைத்தெரு.

கடைத்தெருவும் ஓர் அறக்கட்டளையே

இன்று 'கப்பாலி சார்ஷி' என்னும் மூடுசந்தையில் பயணிகள் கூட்டம் கூட்டமாக நுழைகிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ நாலாயிரம் கடைகளும் ஒரே கூரையின் கீழ் அமைந்த சந்தை அது. கம்பளமும் விளக்கும் பொன்னணியும் பேரம் பேசி வாங்குவோரில் எத்தனை பேர் அதன் தொடக்கத்தை அறிவார்கள்? நகரை வென்ற சில ஆண்டுகளிலேயே ஃபாதிஹ் அங்கே துணி வணிகத்திற்கென ஒரு கல்மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். அதன் வாடகை ஆயா சோஃபியா பள்ளிவாசலின் பராமரிப்புக்கென வக்ஃபு செய்யப்பட்டது. அந்த மண்டபத்தைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய பெருஞ்சந்தை.

மற்றொரு சந்தை, ஏலமும் இலவங்கமும் குங்குமப்பூவும் மணக்கும் மிஸ்ர் சார்ஷி. அது 1660களில் 'புதுப் பள்ளிவாசல்' எனப்படும் யெனி ஜாமியின் வளாகத்தின் ஒரு பகுதியாக எழுந்தது. அக்கடைகளின் வாடகை அப்பள்ளிவாசலின் செலவுக்கு உரியது. கடைக்காரர் தம் குடும்பத்துக்காக உழைத்தார். அவர் தந்த வாடகை பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் வாழவைத்தது. ஒவ்வொரு மாதமும் உண்டியல் ஏந்தி நிற்கும் நிலை அப்பள்ளிவாசல்களுக்கு இல்லாமற் போனதற்கு இந்த முன்னேற்பாடே காரணம்.

நிலத்தையும் கடையையும் போலப் பணத்தையும் வக்ஃபு செய்யலாமா என்று பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டு உலமாக்களிடையே பெரும் விவாதம் நடந்தது. ஷைகுல் இஸ்லாமாக இருந்த அபுஸ்ஸுஊத் எஃபெந்தி அதனை அனுமதித்தார். இமாம் பிர்கவி கடுமையாக மறுத்தார். இரு தரப்பும் நூல்கள் எழுதின. பொதுச் சொத்தின் பணம் எந்த வழியில் வளர வேண்டும் என்பது அவர்களுக்கு மார்க்கத்தின் கேள்வியாகவே இருந்தது என்பதை இவ்விவாதம் காட்டுகிறது.

ஸினானும் சுலைமானிய்யாவும்

இஸ்தான்புல்லின் மூன்றாம் குன்றின் மேல், தங்கக்கொம்பு எனப்படும் உப்பங்கழியை நோக்கி நிற்கிறது சுலைமானிய்யா பள்ளிவாசல். 1520 முதல் 1566 வரை ஆண்ட சுல்தான் சுலைமான் இதனைக் கட்டுவித்தார். 1550இல் தொடங்கிய வேலை 1557இல் நிறைவுற்றது. குவிமாடத்தின் உயரம் ஏறத்தாழ 53 மீட்டர். அகலம் ஏறத்தாழ 26 மீட்டர். நான்கு மினாராக்களிலும் சேர்த்துப் பத்து உப்பரிகைகள். இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட நான்காவது சுல்தான், உதுமானிய மரபின் பத்தாவது சுல்தான் என்பதை இவ்வெண்கள் குறிக்கின்றன என்பர்.

இதனை வடிவமைத்தவர் ஸினான். கைஸரி அருகேயுள்ள அக்ர்னாஸ் என்னும் சிற்றூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பணிக்கெனச் சிறுவர்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் அக்கால முறைப்படி கொண்டுவரப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, படைவீரராகவும் பொறியாளராகவும் பல போர்க்களங்களைக் கண்டவர். பாலம் கட்டிய கை பள்ளிவாசல் கட்டியது. ஏறத்தாழ ஐம்பது வயதில் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான அவர், 1588இல் மறையும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். ஷெஹ்ஸாதே பள்ளிவாசல் தம் பயிற்சிக்கால வேலை, சுலைமானிய்யா தேர்ச்சிக்கால வேலை, எதிர்னே நகரின் ஸலீமிய்யா தம் முதிர்ந்த வேலை என்று அவர் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. ஸலீமிய்யாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது.

சுலைமானிய்யாவின் உள்ளே நிற்பவர் இரண்டைக் கவனிக்கலாம். ஒன்று, ஓசை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மிஹ்ராபில் ஓதும் இமாமின் குரல் கடைசி ஸஃப் வரை எட்ட வேண்டும். அதற்கெனக் குவிமாடத்தின் சுவரில் வாய் திறந்த மண்குடங்களைப் பதித்தார் ஸினான். மற்றொன்று, புகை. ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் கரி சுவரில் படியாதவாறு காற்றோட்டத்தை ஒரு பக்கமாக இழுத்து, வாயிலின் மேலுள்ள அறையில் சேரச் செய்தார் என்றும், சேர்ந்த கரியிலிருந்து எழுத்தர்களுக்கான மை செய்யப்பட்டது என்றும் கூறுவர். தொழுகைக்கு ஒளி தந்த விளக்கின் கரி, குர்ஆன் பிரதி எழுதும் மையாகிறது. வீணாக்காமை என்ற பண்பு அங்கே கட்டடத்திலேயே வடிக்கப்பட்டிருக்கிறது.

இப்பள்ளிவாசலின் கட்டுமானக் கணக்கேடுகள் அழியாமல் இன்றும் உள்ளன. யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி பெற்றார் என்பது அவற்றில் பதிவாகியுள்ளது. துருக்கிய வரலாற்றறிஞர் உமர் லுத்ஃபி பர்கான் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். கைவினைஞர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் என்பது அதனால் தெரியவந்தது. ஒரு பள்ளிவாசலின் சுவரை முஸ்லிம் கொத்தரும் கிறிஸ்தவக் கொத்தரும் அருகருகே நின்று எழுப்பியிருக்கிறார்கள். இருவரின் கூலியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

பள்ளிவாசலைச் சுற்றி ஒரு சிறு நகரம்

பயணிகள் பெரும்பாலும் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெளி முற்றத்தைத் தாண்டி வலம் வந்தால் சுற்றிலும் சிறு சிறு ஈயக் குவிமாடங்கள் வரிசையாகத் தெரியும். அவையே இதன் உயிர்.

நான்கு உயர்நிலை மதரஸாக்கள். ஹதீஸ் கலைக்கென ஒரு தாருல் ஹதீஸ். சிறுவர்கள் குர்ஆன் ஓதப் பழகும் பள்ளி. மருத்துவம் கற்பிப்பதற்கென்றே ஒரு மதரஸா. அதன் அருகிலேயே 'தாருஷ் ஷிஃபா' என்னும் மருத்துவமனை. பயணிகள் தங்குவதற்கு விடுதி, அவர்களின் குதிரைகளுக்குக் கொட்டில், குளியல் மண்டபம், வாடகைக் கடைகள். இவற்றோடு 'இமாரத்' என்னும் உணவுச் சாலை. இவ்வளவும் சேர்ந்ததுதான் சுலைமானிய்யா. பல ஊர்களின் நில வருவாய் இதற்கென எழுதிவைக்கப்பட்டது.

ஃபாதிஹ் சுல்தான் 1463 முதல் 1470 வரை கட்டிய வளாகமே இதற்கு முன்னோடி. அங்கே பள்ளிவாசலின் இரு பக்கங்களிலும் எட்டு மதரஸாக்கள் இருந்தன. 1766ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அப்பள்ளிவாசல் இடிந்துபோக, 1771இல் புதிதாகக் கட்டப்பட்டது.

இமாரத்தின் நடைமுறையைச் சற்றே பாருங்கள். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, உடன் ரொட்டி என்பது உதுமானிய உணவுச் சாலைகளின் பொதுவான வழக்கம். வெள்ளி இரவுகளிலும் ரமளானிலும் பெருநாட்களிலும் ஆட்டிறைச்சியிட்ட சோறும், தேனும் குங்குமப்பூவும் சேர்த்த 'ஸெர்தே' என்னும் இனிப்புச் சோறும் பரிமாறப்படும். பணியாளர்கள், மாணவர்கள், பயணிகள், ஏழைகள் என அனைவரும் அங்கே உண்டனர். வழிப்போக்கர் மூன்று நாள் வரை விருந்தாளி. யாருக்கு எவ்வளவு என்பது வக்ஃபுப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சமையற்காரரின் மனநிலையை நம்பி ஏழையின் வயிறு இருக்கவில்லை.

தண்ணீரும் அறத்தின் பகுதியாயிற்று. பெருகிவந்த நகர மக்களுக்காக, வடக்கேயுள்ள காடுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் 'கிர்க்செஷ்மே' திட்டத்தை ஸினான் நிறைவேற்றினார். கட்டுமானத்தின் இடையே 1563இல் பெருவெள்ளம் வந்து பாலங்களைச் சேதப்படுத்தியது. மனந்தளராமல் மீண்டும் கட்டினார்கள். அவற்றுள் மக்லோவா நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது. தெருக்கோடிகளில் அமைந்த நீரூற்றுகளில் அத்தண்ணீர் எல்லா மதத்தவருக்கும் பொதுவாக ஓடியது.

பெண்கள் எழுதிவைத்த அறங்கள்

சகோதரிகளே! இவ்வரலாற்றில் உங்களுக்கெனத் தனி இடம் உண்டு. 1546ஆம் ஆண்டின் இஸ்தான்புல் வக்ஃபுப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், அதில் உள்ள வக்ஃபுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பெண்களால் ஏற்படுத்தப்பட்டவை என்று கண்டிருக்கிறார்கள். தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும், தம் விருப்பப்படி அதனை அறம் செய்யவும் மார்க்கம் தந்த உரிமையை அப்பெண்கள் பயன்படுத்தினார்கள்.

சுலைமானின் துணைவி ஹுர்ரம் சுல்தான், நகரின் ஒரு பகுதியில் பள்ளிவாசலும் மதரஸாவும் உணவுச் சாலையும் மருத்துவமனையும் அமைத்தார். அவரது 'ஹஸெகி' என்ற பட்டமே அப்பகுதியின் பெயராயிற்று. அங்குள்ள மருத்துவமனை இன்றும் அப்பெயரையே தாங்கியிருக்கிறது. 1552இல் பைத்துல் முகத்தஸ் நகரிலும் அவர் ஓர் உணவுச் சாலையை நிறுவினார். ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின. அங்கே ஏழைகளுக்குச் சமைக்கும் பணி இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. யெனி ஜாமியும் அவ்வாறே. 1597இல் ஸஃபிய்யா சுல்தான் தொடங்கி, பல்லாண்டுகள் பாதியில் நின்ற அப்பள்ளிவாசலை 1660களில் நிறைவு செய்தவர் துர்கான் ஹதீஜா சுல்தான். ஒரு பெண் போட்ட அடித்தளத்தின் மேல் மற்றொரு பெண் குவிமாடம் எழுப்பினார்.

கொடுப்பவரும் பெறுபவரும் முகம் காணாத இடம்

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்பவரின் சிறப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அந்தப் போதனையை இந்நகர மக்கள் கல்லில் செதுக்கினார்கள். 'ஸதகா தாஷி', அதாவது தர்மக்கல் என்று அதற்குப் பெயர். ஆளுயரக் கல்தூண்; அதன் உச்சியில் ஒரு குழி. பள்ளிவாசல் அருகிலும் தெருமுனையிலும் அவை நின்றன. வசதி உள்ளவர் இருட்டியபின் கை உயர்த்திக் குழியில் காசு வைத்துச் செல்வார். தேவை உள்ளவர் வந்து தமக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்பது இருவருக்கும் தெரியாது. ஏழையின் பசியைப் போக்குவதோடு அவருடைய மானத்தையும் காத்த ஏற்பாடு இது. உஸ்குதார் பகுதியில் அத்தகைய கல் ஒன்றை இன்றும் காணலாம். அதைக் காணக் கட்டணம் இல்லை. ஆதலால் கூட்டமும் இல்லை.

அதே உஸ்குதாரில் 1710இல் நிறைவுற்ற யெனி வாலிதே பள்ளிவாசலின் வெளிச்சுவரைப் பாருங்கள். உயரத்தில் சின்னஞ்சிறு மாளிகை போன்ற கல்வீடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாயிலும் சாளரமும் மினாராவும் உண்டு. அது சிட்டுக்குருவிகளுக்காகக் கட்டப்பட்டது. இத்தகைய பறவை வீடுகள் நகரின் பல பழங்கட்டடங்களில் உள்ளன. பச்சை ஈரல் உள்ள ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் நன்மை உண்டு என்ற நபிமொழியின் கருத்தைக் கேட்டு வளர்ந்த கொத்தரின் கை இது.

மறைக்கக் கூடாத பக்கம்

அன்பர்களே! முன்னோரின் பெருமையைப் பேசுவது நமக்கு இனிக்கிறது. ஆனால் படிப்பினைக்காக வரலாற்றைப் படிப்பவர் இருண்ட பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

சுலைமானிய்யாவின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த 1553ஆம் ஆண்டில்தான் சுல்தான் சுலைமான் தம் மூத்த மகன் முஸ்தஃபாவைத் தம் கூடாரத்திலேயே கொல்லச் செய்தார். அரியணைக்கு ஆபத்து என்ற ஐயமே காரணம். படையினர் பெரிதும் நேசித்த இளவரசர் அவர். ஆயா சோஃபியாவின் அடக்கத்தலத்தில் சுல்தான் மூன்றாம் முராதின் சமாதியைக் காணச் செல்வோர் அங்கே சிறு சிறு கப்ருகள் பல வரிசையாக இருப்பதைக் காண்பர். 1595இல் மூன்றாம் முஹம்மத் அரியணை ஏறியபோது, போட்டிக்கு ஆளிருக்கக் கூடாது என்று கொல்லப்பட்ட அவருடைய 19 சகோதரர்களின் கப்ருகள் அவை. அவர்களுள் பலர் சிறுவர்கள். சுலைமானிய்யாவின் கணக்கேட்டில் கூலி பெற்ற கொத்தர்களோடு, கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளின் உழைப்பும் பதிவாகியிருக்கிறது.

இவற்றை இஸ்லாத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆட்சி ஆசையின் கணக்கில்தான் எழுத வேண்டும். குவிமாடத்தின் அழகு கொலையை நியாயமாக்காது. கொலையின் கறை, பசித்தவன் உண்ட கஞ்சியை ஹராமாக்கவும் செய்யாது. இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொள்வதே நேர்மை. தீர்ப்பு அல்லாஹ்விடம் இருக்கிறது. சுலைமான் தம் பள்ளிவாசலின் பின்புறத்தில் அடங்கியிருக்கிறார். ஸினானின் சிறிய கப்ரு வளாகத்தின் ஒரு மூலையில், வெளியே, தெருவோரமாக இருக்கிறது.

அடுப்புகள் அணைந்த கதை

இவ்வளவு வலுவான ஏற்பாடு எவ்வாறு தளர்ந்தது? நெருப்பும் நிலநடுக்கமும் கட்டடங்களைச் சேதப்படுத்தின. 1660ஆம் ஆண்டுத் தீயில் சுலைமானிய்யா பெரும் பாதிப்புக்கு உள்ளாயிற்று, செப்பனிடப்பட்டு மீண்டது. முதல் உலகப் போரின்போது அதன் முற்றம் ஆயுதக் கிடங்காயிற்று, அங்கும் தீப்பிடித்தது, அதிலிருந்தும் மீண்டது. 2007 முதல் 2010 வரை விரிவான மராமத்து நடைபெற்றது. கல்லுக்கு வந்த சேதத்தைக் கல்லால் சரிசெய்ய முடிந்தது.

வருவாய்க்கு வந்த சேதமே ஆறாத சேதம். வக்ஃபுகளை நிர்வகித்தோரில் சிலர் பொதுச் சொத்தைத் தம் வாரிசுச் சொத்தைப் போல நடத்தினார்கள். 1826இல் வக்ஃபுகளுக்கெனத் தனித்துறை அமைந்தது. முறைகேட்டைத் தடுப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டாலும், வக்ஃபுகளின் வருவாயில் பெரும்பகுதி அரசின் பிற செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. எழுதிவைத்தவரின் நோக்கம் ஏட்டில் இருந்தது. பணம் வேறிடத்தில் இருந்தது. கூரைகள் ஒழுகின, அடுப்புகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. 1924இல் அத்துறையும் கலைக்கப்பட்டு, வக்ஃபுகள் பொது இயக்குநரகம் ஒன்றின் கீழ் வந்தன. அவ்வாண்டிலேயே மதரஸாக்களும் மூடப்பட்டன.

சுலைமானிய்யாவின் மதரஸாக் கட்டடங்களில் 1918இல் தொடங்கிய நூலகம் இன்று இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளுக்கான உலகின் தலைசிறந்த நூலகங்களுள் ஒன்று. அறிவுக்காகக் கட்டப்பட்ட அறை அறிவுக்கே பயன்படுகிறது, அது ஆறுதல். ஆனால் ஏழைகளுக்கு இலவசமாக உணவளித்த அதன் இமாரத், பிற்காலத்தில் விலை கொடுத்து உண்ணும் உணவகமாக நடத்தப்பட்டது. ஒரு காலத்தில் பசித்தவர் கிண்ணம் ஏந்தி வந்த முற்றத்தில், பயணிகள் விலைப்பட்டியலைப் புரட்டினார்கள்.

எல்லா அடுப்புகளும் அணைந்துவிட்டனவா? இல்லை. அபூ அய்யூப் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய எய்யூபில், சுல்தான் மூன்றாம் ஸலீமின் தாயார் மிஹ்ரிஷாஹ் 1790களில் ஓர் இமாரத்தைக் கட்டினார். இருநூறு ஆண்டுகளைக் கடந்து நம் காலத்திலும் அங்கே ஏழைகளுக்குச் சூடான உணவு வழங்கப்பட்டு வருகிறது. பாத்திரத்தோடு வருவோர் உணவைப் பெற்றுச் செல்கிறார்கள். அபூ அய்யூப் (ரலி) அவர்களை ஸியாரத் செய்ய வரும் பயணிகளில் பலர் அந்த வாயிலைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

நாம் பெற வேண்டிய படிப்பினை

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன; நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றின் நன்மை மட்டும் தொடர்கிறது என்பது நாம் அடிக்கடி கேட்கும் நபிமொழியின் கருத்து. மிஹ்ரிஷாஹின் அடுப்பு அதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. அவருடைய மகன் ஸலீம் அரியணையை இழந்து 1808இல் கொல்லப்பட்டார். அவர் கட்டிக்காக்க முயன்ற பேரரசு 1922இல் முடிந்தது. தாய் மூட்டிய நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

பொதுச் சொத்து எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதற்கு இந்நகரம் ஒரு பாடநூல். நோக்கம் தெளிவாக எழுதப்பட்டு, வருவாய்க்கு வழி செய்யப்பட்டு, கணக்கு ஒழுங்காக வைக்கப்பட்ட இடத்தில் அறம் நூற்றாண்டுகளைக் கடந்தது. பொறுப்பாளர் உரிமையாளராக மாறிய இடத்திலும், வருவாய் வேறு வழியில் திரும்பிய இடத்திலும் குவிமாடம் மட்டும் எஞ்சியது. பழங்கட்டடம் காட்சிப் பொருளாவது அதன் வயதினால் மட்டுமன்று. அதன் பணி நின்றுபோவதாலும்தான்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் முன்னோர் வயலும் தோப்பும் கடையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றை எந்த நோக்கத்திற்காக எழுதிவைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் அந்தப் பத்திரத்தை வாசித்துப் பார்த்திருக்கிறோம்? ஏழை மாணவருக்கென்று எழுதப்பட்டது ஏழை மாணவரைச் சென்றடைகிறதா? ரமளானில் நோன்புக் கஞ்சிக்காக அடுப்பேறும் அண்டா, மற்றப் பதினொரு மாதங்களில் பரணில் இருக்க வேண்டியதுதானா? முதவல்லிகளும் ஜமாஅத்தார்களும் கூடி அமர்ந்து, பத்திரத்தைப் படித்து, கணக்கைத் திறந்து பேசட்டும்.

இஸ்தான்புல் செல்லும் வாய்ப்புப் பெற்றவர்களே! பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆயா சோஃபியாவின் மேல்மாடத்தைக் காண 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. வசதி இருந்தால் அதையும் காணுங்கள். பின்னர் உஸ்குதாரின் தர்மக்கல்லையும், சுவரிலுள்ள குருவி வீட்டையும், எய்யூபின் உணவுச் சாலை வாயிலையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அவை எதற்காகக் கட்டப்பட்டன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

செல்ல வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டாம். இருட்டியபின் அண்டை வீட்டாரின் தேவையை அறிந்து, பெயர் சொல்லாமல் உதவும் ஒவ்வொருவரும் ஒரு தர்மக்கல்லைத் தம் தெருவில் நாட்டுகிறார்கள். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

நம் முன்னோரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவர்களின் தவறுகளை மன்னிப்பானாக! நம் கையிலுள்ள அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும் மனவலிமையை நமக்குத் தருவானாக! ஆமீன்.